பிளேட் புதுசு, சிலிண்டர் புதுசு. கிளட்ச் மட்டும் விடவில்லை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு எஸ்டேட் ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போகும் வண்டி அது. டீசல் இன்ஜின், பின்சக்கர இழுவை, ஏழு பேர் உட்காரலாம், ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கிளட்ச் ஹைட்ராலிக் வகை: பெடல் மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, அதிலிருந்து போகும் ஆயில் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைத் தள்ளி கிளட்சை விடுவிக்கும். ஸ்லேவ் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்கிறது. புகார் இதுதான்: கிளட்சை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் போடும்போது பல் உரசிக் கத்துகிறது, முதல் கியர் விழ மறுக்கிறது. காலையில் ஓரளவு பரவாயில்லை. மலை ஏறி இறங்கிய பிறகு, முதல் கியரைப் போட இன்ஜினையே நிறுத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே இரண்டு இடத்தில் வேலை நடந்திருந்தது. முதல் இடத்தில் ஏர் பிடித்திருக்கிறது என்று ஆயிலை மாற்றி ஏர் எடுத்தார்கள். சரியாகவில்லை என்றதும் மாஸ்டர், ஸ்லேவ் இரண்டு சிலிண்டரையும் ஹோஸையும் புதிதாகப் போட்டார்கள். அடுத்த இடத்தில் கியர்பாக்ஸை இறக்கி பிளேட், அதை இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலில் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் என்று முழு செட்டையும் மாற்றினார்கள். கடைசியாக, கியர்பாக்ஸே போய்விட்டது, வேறு பாக்ஸ் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பழைய கியர்பாக்ஸ் ஒன்று என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்கத்தான் வண்டிக்காரர் எங்களிடம் வந்தார்.

"ஏனுங்ணா, மாத்தறதுக்கு இனி என்னதானுங்க மிச்சம் இருக்குது? செட்டு மாத்துன பொறவு முன்னைக்கு இப்ப சத்தம் சாஸ்தியாத்தானுங்க வருது" என்றார் டிரைவர்.

இதில் இரண்டாவது வாக்கியத்தை அப்படியே ஜாப் கார்டில் எழுதிக்கொண்டேன். புதுப் பிளேட் போட்டதும் குறை கூடியது என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் என்னவென்று கடைசியில்தான் தெரிந்தது.

முதலில், இது கிளட்ச்தானா?

கியர் விழவில்லை என்றால் கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்து விடாமல் இருக்கலாம், கியர்பாக்ஸுக்குள் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம், கியர் ராடு இணைப்புகள் இறுகியிருக்கலாம். மூன்றையும் பிரிக்க ஸ்பேனரே தேவையில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்த்தோம். வெண்ணெய் போல விழுந்தன, ரிவர்ஸும் அப்படியே. ஆக, ராடு இணைப்புகள் சரி. இன்ஜினை ஓடவிட்டுப் போட்டால் எல்லா கியரும் ஒரே மாதிரி முரண்டு பிடித்தன. சிங்க்ரோ தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு கியர்தான் அதிகம் தொல்லை தரும், அதுவும் ஓட்டத்தில். வண்டி நிற்கும்போது எல்லா கியரும் சேர்ந்து மறுத்தால் சந்தேகம் கிளட்சின் மேல்தான் விழும்.

ரிவர்ஸ் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. நியூட்ரலில் கிளட்சை மிதித்த உடனே பிளேட்டும் அதோடு சுற்றும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் நின்றுவிடுவதில்லை, பழைய வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ரிவர்ஸைத் தள்ளினால் நல்ல வண்டியும் கத்தும். அதனால் மிதித்துவிட்டு ஐந்தாறு விநாடி பொறுத்து, பிறகு போட வேண்டும். கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அதற்குள் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தமே வராது. இந்த வண்டியில் பத்து விநாடி பொறுத்துப் போட்டும் கத்தியது. யாரோ ஷாஃப்டை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஃப்ளைவீல்தான்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனையும் செய்தோம். சமதளத்தில், முன்னால் ஆளில்லாத திறந்த இடத்தில், இன்ஜினை நிறுத்தி முதல் கியரில் போட்டு, ஒரு கால் கிளட்சிலும் ஒரு கால் பிரேக்கிலும் வைத்து ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மெல்ல விட்டோம். கிளட்ச் அடிவரை மிதித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகர்ந்தது. கியர்பாக்ஸைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை. வண்டிக்காரரிடம் அப்போதே சொல்லிவிட்டோம், பழைய பாக்ஸ் தேட வேண்டாம் என்று.

பெடலை அடித்துப் பார்ப்பதும் பிடித்துக்கொண்டே இருப்பதும்

கிளட்ச் விடவில்லை என்று தெரிந்ததும் பலரும் ஏர் எடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் காலாலேயே செய்து பார்க்கக்கூடிய இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

பெடலை வேகமாக மூன்று நான்கு முறை அடித்துவிட்டுக் கியர் போட்டால் சுலபமாக விழுகிறதா? விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆயிலைத் தள்ளுகிறது. இங்கே எத்தனை முறை அடித்தாலும் மாற்றமில்லை.

பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டால், முதலில் நின்ற வண்டி மெல்ல நகரத் தொடங்குகிறதா? அப்படியானால் மாஸ்டரின் உள் சீல் ஆயிலைப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு தெரியாது, ரிசர்வாயரில் (ஆயில் டப்பாவில்) அளவும் குறையாது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் தொல்லை தரும் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. இங்கே முதல் விநாடியில் எப்படியோ அறுபதாவது விநாடியிலும் அப்படியே இருந்தது.

காற்றும் இல்லை, உள்கசிவும் இல்லை. மிதிக்கும் தூரத்தில் எப்போதும் ஒரே அளவு எங்கோ தொலைகிறது. இந்த ஒரே அளவு என்பது பெரிய தடயம். ஆயில் சார்ந்த குறைகள் பெரும்பாலும் நேரத்துக்கு நேரம், அடிக்கு அடி மாறும். உலோகம் சார்ந்த குறை மாறாது.

12 மில்லிமீட்டர்

கிளட்ச் வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒரே ஒரு அளவைத்தான்: பெடலை அடிவரை மிதிக்கும்போது ஸ்லேவ் சிலிண்டரின் ராடு எவ்வளவு நகர்கிறது என்பது. காலிலிருந்து பிளேட் வரை உள்ள பாதையை அது சரியாக நடுவில் வெட்டுகிறது. ராடு முழுத் தூரம் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் குறை பெல் ஹவுசிங்குக்குள்: வளைந்த ஃபோர்க் (ராடு தள்ள, ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் நெம்புகோல்), அது ஊன்றி நிற்கும் தேய்ந்த பிவட் பால், நெளிந்த பிளேட், துருப்பிடித்த ஸ்ப்ளைன், இறுகிப்போன பைலட் பேரிங், திருப்பி மாட்டிய பிளேட், பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங்கில் உடைந்த விரல் என்று வரிசை நீளும். அப்போது கியர்பாக்ஸை இறக்குவது நியாயம். ராடு முழுத் தூரம் நகரவில்லை என்றால் கியர்பாக்ஸ் போல்ட்டைத் தொடவே வேண்டாம், குறை மேலே இருக்கிறது.

இந்த வண்டியில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தும் அந்த அளவை யாரும் எடுக்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் ஒரு முழு நாள் கூலி அதனால் வீணாகப் போனது.

வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜின் ஓடாத நிலையில், ஒருவர் மேலே மிதிக்க நான் கீழிருந்து ஸ்கேலை வைத்து அளந்தேன். ராடு நகர்ந்தது 12 மி.மீ.

இது போதுமா, குறைவா? கையில் அளவுப் புத்தகம் இல்லாவிட்டாலும் கணக்குப் போட்டுவிடலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், ஸ்லேவ் 3/4 அங்குலம். இரண்டு உடம்பிலும் வார்ப்பிலேயே பொறித்திருந்தது. பரப்பளவு விட்டத்தின் வர்க்கப்படி போகும். 0.75-ஐ 0.625-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.44. அதாவது மாஸ்டர் பிஸ்டன் 1.44 மி.மீ. போனால் ஸ்லேவ் 1 மி.மீ. நகரும். பெடல் பேட் அடிவரை போகும் தூரம் 150 மி.மீ. பெடலின் நெம்புகோல் விகிதம் 6. ஆகவே மாஸ்டர் புஷ் ராடு போக வேண்டிய தூரம் 25 மி.மீ. அதில் புஷ் ராடின் இயல்பான இடைவெளிக்கும், பிஸ்டன் ரிசர்வாயர் துளையைக் கடந்து மூடுவதற்கும் சேர்த்து 2 மி.மீ. கழிக்கலாம். மீதி 23. அதை 1.44-ஆல் வகுத்தால் 16 மி.மீ.

வர வேண்டியது 16, வந்தது 12. ஸ்லேவில் 4 மி.மீ. குறைகிறது என்றால், மாஸ்டர் பக்கம் ஏறக்குறைய 6 மி.மீ. எங்கோ தொலைகிறது. தேட வேண்டியது இனி அந்த 6 மி.மீ.யை மட்டும்தான்.

தகட்டில் ஒரு கோடு

மாஸ்டரிலிருந்து வெளியே போகும் பைப்பைக் கழற்றி, அந்த வாயை அடைப்பு போல்ட் போட்டு மூடினோம். பைப், ஹோஸ், ஸ்லேவ் மூன்றும் இப்போது கணக்கிலேயே இல்லை. மாஸ்டருக்குள் இருக்கும் காற்றை எடுத்த பிறகு பெடலை மிதித்தால் மேலேயே கல் மாதிரி நிற்க வேண்டும். இங்கே பெடல் இரண்டு அங்குலம் இறங்கிய பிறகுதான் நின்றது. ஹோஸ் உள்ளே ஊதிப் பெருப்பதும் இதே மாதிரி தூரத்தைத் தின்னும். ஆனால் ஹோஸை ஒதுக்கிவிட்ட பிறகும் பெடல் இறங்குகிறது. ஆயில் அழுந்துவதில்லை. அப்படியென்றால் அந்த இரண்டு அங்குலமும் இரும்பில்தான் போகிறது.

டிரைவரை மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டர் முழுதாக முன்னால் வந்து, மூக்கை மேலே தூக்கி, கால் எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பியது. கேபினையும் இன்ஜினையும் பிரிக்கும் முன் தகடு அதோடு சேர்ந்து வந்தது. அதில் கீழ் நட்டைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தது, வெடிப்பின் ஓரத்தில் பழுப்பாகத் துருக் கறை. உள்ளே தரைவிரிப்பையும் அதன் பின்னால் ஒட்டியிருந்த ஃபெல்ட்டையும் பிரித்தபோது முழுதும் தெரிந்தது. ஸ்டட் துளையிலிருந்து கிளம்பிய விரிசல் தகட்டின் மடிப்பு வரை ஓடியிருந்தது. இன்ஜின் பக்கம் தெரிந்தது அதன் வால் மட்டுமே. மிதிக்கும்போது ஸ்கேலை வைத்து அளந்தால் தகடு ஏறக்குறைய 4 மி.மீ. முன்னால் போகிறது.

மீதி 2 மி.மீ. பெடல் பின்னில் கிடைத்தது. பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் பின் நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தது. பெடலில் உள்ள துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. பின்னில் 2 மி.மீ. ஆட்டம் என்றால் பெடல் பேடில் 12 மி.மீ. வெற்று ஆட்டம். நான்கும் இரண்டும் ஆறு, கணக்கு நேர்ப்பட்டது.

இந்தத் தகடு ஏன் விரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காலில் 15 கிலோ அழுத்தம் கொடுத்தால் பெடல் விகிதம் அதை 6 மடங்காக்கி, ஒவ்வொரு மிதிக்கும் 90 கிலோவால் மாஸ்டரை முன்னால் தள்ளுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய தகடும் இரண்டு ஸ்டட்டும்தான். பிளேட் தேயத் தேய டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் நிலை மாறி கிளட்ச் கனத்துப் போகும், காலில் கொடுக்க வேண்டிய அழுத்தமும் கூடும். ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவு. பாரம் ஏற்றிய வண்டியில் வளைவுக்கு வளைவு கியர் இறக்கி ஏற்றும் டிரைவரின் இடது கால் சும்மா இருப்பதே இல்லை. தேய்ந்த பழைய பிளேட்டோடு நெடுநாள் ஓடிய அந்தக் கனமான மிதிதான் தகட்டைக் கிழித்தது என்பது என் முடிவு. பிளேட்டை மாற்றியதும் மிதி இலகுவாகியிருக்கும். ஆனால் கிழிசல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

புதுப் பிளேட் போட்டதும் ஏன் கூடியது?

டிரைவர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு இங்கேதான் பதில். கிளட்ச் பிளேட்டின் இரண்டு முகத் துணிகளுக்கும் நடுவே அலை அலையான மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் உண்டு. வண்டி உதறாமல் மெதுவாகப் பிடிக்க உதவுவது அவைதான். பிரஷர் பிளேட் அழுத்தும்போது தட்டையாகும். அழுத்தம் குறைந்ததும் விரிந்து பிளேட்டை ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிப்பாக்கும். பிரஷர் பிளேட் விலகும் தூரத்தில் முதல் பங்கை இந்த விரிவே எடுத்துக்கொள்கிறது. மீதி இருப்பதுதான் உண்மையான இடைவெளி.

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஸ்லேவில் 16 மி.மீ. என்றால் ஃபோர்க் அதைப் பாதியாக்கி பேரிங்கில் 8 மி.மீ. கொடுக்கும், டயாஃப்ரம் நான்கில் ஒன்றாக்கி பிரஷர் பிளேட்டை 2 மி.மீ. விலக்கும். ஸ்பிரிங் தகட்டின் விரிவுக்கு 1 போக, பக்கத்துக்கு அரை மி.மீ. கிடைக்கும். ஸ்லேவில் 12 என்றால் விலகுவது 1.5 மி.மீ. மட்டும், பக்கத்துக்குக் கால் மி.மீ. பிளேட் லேசாக நெளிந்திருந்தாலும், மலையேற்றத்தில் சூடேறிக் கொஞ்சம் கோணினாலும் அந்தக் கால் மி.மீ. காணாமல் போய்விடும். மலை இறங்கிய பிறகு தொல்லை கூடியதற்கும் இதுவே காரணம்.

பழைய பிளேட்டில் அந்த ஸ்பிரிங் தகடுகள் நெடுநாள் உழைத்துத் தட்டையாகிப் போயிருக்கும், விரிவும் குறைவு. அதனால் குறைந்த தூரத்திலும் ஓரளவு விட்டது. புதுப் பிளேட் முழு விரிவோடு வந்து, இருந்த கொஞ்ச இடைவெளியையும் நிரப்பிவிட்டது. புது செட் போட்டு சத்தம் கூடினால் செட்டில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் ஒருமுறை ஸ்லேவ் ராடை அளந்துவிட்டுப் போகலாம்.

செய்த வேலை

குறுக்குவழி ஒன்று எப்போதும் கண்ணுக்குத் தெரியும்: புஷ் ராடை நீட்டி வைத்தால் இழந்த தூரத்தில் கொஞ்சம் திரும்பி வரும், வண்டிக்காரர் அன்றைக்குச் சந்தோஷமாகப் போவார். அதைச் செய்யவே கூடாது. ராடு நீண்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராமல் ரிசர்வாயர் துளையை மூடிக்கொண்டே நிற்கும். இன்ஜின் சூட்டில் ஆயில் விரிந்தால் திரும்பிப் போக வழியிருக்காது, ரிலீஸ் பேரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கிளட்ச் ஸ்லிப் அடித்துப் புதுப் பிளேட் கருகிப்போகும்.

மாஸ்டரையும் பெடல் பிராக்கெட்டையும் இறக்கினோம். பேட்டரியைக் கழற்றி, இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரையும் பிரித்து வைத்தோம். தகட்டின் பின்னால் இருந்த ஃபெல்ட்டை முழுதாக எடுத்துவிட்டோம். வெல்டிங் பொறி பட்டால் அது புகைந்து கேபினையே பிடித்துவிடும். சிந்திய பிரேக் ஆயிலையும் ஒரு துளி விடாமல் கழுவினோம். அது பெயின்ட்டை உரிக்கும், தீயும் பிடிக்கும். விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டோம், அது மேலே ஓடாமல் நிற்பதற்காக. பிறகு டிங்கர் மாஸ்டர் விரிசலை வெல்டிங் வைத்து, இன்ஜின் பக்கம் இரண்டு ஸ்டட்டையும் அணைத்துப் பிடிக்கும்படி 3 மி.மீ. தகட்டில் பட்டை வெட்டிப் பொருத்தினார். வெறும் விரிசலை மட்டும் பற்றவைத்து விட்டிருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும். விசையைப் பரப்பிவிடும் பட்டை இல்லாமல் இந்த வேலை நிற்காது. பெடல் துளையை லேத்தில் வட்டமாக்கி, உள்ளே ஒரு உலோக வளையம் (bush) அடித்து, புது பின் போட்டோம்.

பிரேக் பூஸ்டரும் அதே தகட்டில், ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் பக்கம் கிழிந்த தகடு பிரேக் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இந்த வண்டியை மலைக்கு அனுப்ப முடியாது. ஃபெல்ட்டை எடுத்த நேரத்திலேயே பூஸ்டரின் நான்கு நட்டையும் சுற்றித் துடைத்து, ஒருவர் பிரேக்கை முழு பலத்தில் மிதிக்க, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். அசைவில்லை, பெயின்ட்டில் கோடும் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டி டாட் 3 ஆயில் ஊற்றி ஏர் எடுத்த பிறகு ஸ்லேவ் ராடு நகர்ந்தது 16 மி.மீ.க்கு மயிரிழை குறைவு. மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டோம். சத்தமில்லை. பாரத்தோடு வால்பாறை வரை ஏற்றி இறக்கி, ஆழியாறு செக்போஸ்ட் அருகே சூடான இன்ஜினோடு மறுபடி போட்டோம். அங்கேயும் சத்தமில்லை. ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி அளந்தோம், அதே அளவு.

வேறு அமைப்பு உள்ள வண்டிகளில்

ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே, இன்புட் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் வண்டிகளில் ராடு வெளியே தெரியாது. அங்கே மாஸ்டரின் வாயை அடைத்து மிதித்துப் பார்க்கும் சோதனையில் தொடங்க வேண்டும். பெடல் மேலேயே கல்லாக நின்றால் மாஸ்டரும் தகடும் பெடலும் சரி, அடுத்து பைப்பும் ஹோஸும், கடைசியில்தான் கியர்பாக்ஸ். மாருதி 800 போலக் கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் கேபிளின் வெளியுறை தகட்டில் முட்டி நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். உள்கம்பி இழுக்கும் அதே விசையில் வெளியுறை தகட்டைத் தள்ளுகிறது. அங்கேயும் இதே மாதிரி விரிசல் விழும், புதுக் கேபிள் போட்டாலும் தொல்லை போகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் தனிக் கதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நடந்தது போல, தண்ணீருக்குள் நின்று பிறகு வாரக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ஸ்லேவ் ராடு முழுத் தூரம் நகரும், கிளட்ச் மட்டும் ஒரு துளிகூட விடாது. நம் வண்டியில் கிளட்ச் பாதி விட்டு பாதி உரசியது, ராடும் குறைந்தது. அதனால் அந்தப் பக்கம் போகவே தேவைப்படவில்லை.